பானட் இல்லாத காரின் பின் அச்சு

இது எனக்கு நடந்தது. கேட்டதை, படித்ததைச் சொல்லவில்லை. நம்பிக்கை வராதவர்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கார் இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. கதவைத் திறந்து காட்டுகிறேன். தொட மட்டும் விடமாட்டேன்.

பேய் என்றால் ராத்திரிதான் வரும், விளக்கைப் போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள், கண்ணுகளா. இது பட்டப்பகலில் நடந்தது. மதியம் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். கண்ணைக் கூசவைக்கிற வெயில். அதனால்தானோ என்னவோ, எனக்கு இன்றுவரை பகலில்தான் பயம்.

என் பெயர் டெல்ஃபினா. ஊர் எஸ்பனோலா. எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டின் மானம் அதன் காரில் இருக்கிறது. பழைய காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பூச்சுக்கு மேல் பூச்சு அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சப்பரம் நகர்வதுபோல மெல்ல ஓட்டிப் போவோம். என் கணவர் கசிமிரோவின் கார் அறுபத்து நாலாம் வருஷத்து இம்பாலா. கருந்திராட்சை நிறம். பின் சக்கரங்களைப் பாதி மறைத்து ஒரு தகடு மூடியிருக்கும். அந்தத் தகட்டுக்குள் சக்கரம் அடங்க வேண்டுமானால் பின் அச்சை இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் வெட்டிக் குறுக்கியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அந்தக் காரை நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொண்டோம். என் நகக்கண்ணில் கிரீஸ் இல்லாத நாள் கிடையாது.

அவர் கடைசியாகச் செய்த வேலை பானட்டை மாற்றியது. மரக்கிளை விழுந்து பழையது நசுங்கிவிட்டது. 1986 அக்டோபரில் எங்கிருந்தோ ஒன்று வாங்கி வந்தார். மூன்று வாரம் தேய்த்தார். ஒன்பது பூச்சு அடித்தார். சாப்பிட வரும்போது கையோடு கையைத் தேய்த்துக்கொண்டே வருவார்.

"கை சில்லிட்டுப் போவுது, ஃபினா."

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாலும் அந்தக் கைக்குச் சூடு ஏறாது.

நவம்பர் ஒன்பதாம் தேதி, காலை ஆறு நாற்பது. காப்பி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். காரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இறந்திருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவருடைய வலது கை இடது பின் டயரைப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரலில் பாதிதான் இருக்கும் அந்தக் கை. மீதியை எப்போதோ ஃபேன் பெல்ட் கொண்டுபோய்விட்டது. விரல்களைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கார்மேல் அவ்வளவு உயிர் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், கொழுந்தன் எலோய் 'ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன்' என்று காரை எடுத்துப் போனான். வறண்ட ஓடையில் பாறைமேல் ஏற்றி, பின் அச்சை வளைத்துக்கொண்டு வந்து நிறுத்தினான். வளைத்தவனே வாயும் திறந்தான்.

"கார் எங்க அண்ணனோடது. எங்க அம்மா வீட்டுக்குத்தான் வரணும்."

நான் கொடுக்கவில்லை. அந்த இருக்கையில் இன்னும் அவருடைய புகையிலை வாசம் இருந்தது. அதுவும் போனால் எனக்கு என்ன மிச்சம்? ஐந்து மாதம் சண்டை. ஊர் இரண்டு பட்டது. கடைசியில் என் மாமியார் பிரிமித்திவா, எண்பத்தோரு வயது, ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"பெரிய வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் சிமாயோ கோவிலுக்குக் கிளம்பணும். எம்பிள்ளை எப்படி விட்டுட்டுப் போனானோ அப்படியே, அந்தக் கார்ல. யாரு என்னை வெச்சு ஓட்டிட்டுப் போறீங்களோ அவங்களுக்குத்தான் கார். அதுக்கு மேல என் காதுல ஒரு பேச்சும் விழக்கூடாது."

எலோய் சிரித்தான். "சரி அண்ணி. ஆனா ஆம்பள யாரும் உனக்குக் கை கொடுக்கக் கூடாது. நீயே அச்சைப் பாரு, நீயே கழட்டு, நீயே மாட்டு. அண்ணன் பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவதானே?"

அப்படித்தான் 1987 ஏப்ரல் பதினைந்து, புதன்கிழமை, மதியம் ஒன்று நாற்பதுக்கு ஓனோஃப்ரேயின் காயலான் கடை வாசலில் போய் நின்றேன். பக்கத்து வீட்டு லாரி. பக்கத்து இருக்கையில் எலோய். நான் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள வந்தானாம்.

காற்று என்றால் காற்று. மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. ஓனோஃப்ரே தன் குடிசையின் படியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"என்னம்மா, புருஷனுக்குப் பதிலா வேற ஏதாவது வேணுமா? நல்ல நல்ல ரேடியேட்டர் இருக்கு."

"பின் அச்சு. குறுக்கினது."

"குறுக்கினதா! ஆகாசத்துலேர்ந்து நட்சத்திரம் கேளேன். சுத்திப் பாரு. கழட்டறதுக்கு டிராக்டர் சாவி இந்தா."

"டிராக்டரா? அது ஆம்பள உதவி" என்றான் எலோய்.

"ஆம்பளையா பொம்பளையான்னு அடியில குனிஞ்சு பாத்துட்டு வந்து சொல்லுடா."

ஓனோஃப்ரேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாலையில் யாராவது செத்தால் அந்த இடத்தில் ஒரு சிலுவை நடுவோம். ஓனோஃப்ரே அதைத் தன் கடையிலும் செய்தான். ஆள் செத்த கார் வந்தால் பானட்டில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு சிலுவை போடுவான். அந்தக் காரிலிருந்து ஒரு போல்ட் கூட விற்கமாட்டான். நசுக்குகிற எந்திரத்துக்குப் போகும்வரை அது அப்படியே கிடக்கும். அதனால் அவன் கடைக்குள் நுழைந்தால் எங்கள் கண் முதலில் பானட்டுக்குத்தான் போகும். பிறகுதான் மற்றதெல்லாம்.

முதல் அச்சு ஒரு நீளமான குடும்பக் காரில் இருந்தது. நாடாவை வைத்து அளந்தேன். இரண்டு விரல் அகலம் கூடுதல். தகடு மூடாது.

இரண்டாவது ஒரு பழைய டாக்சியில். எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டேன். எண்ணெயில் இரும்புத் தூள் மினுமினுத்தது. உள்ளே பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது. வேண்டாம்.

"அவ்வளவுதானா அண்ணி? வீட்டுக்குப் போகலாமா?" எலோய் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே பின்னால் வந்தான்.

மூன்றாவது... கடைசி வரிசையில், ஓடைப் பக்கமாக நின்றது. எங்கள் காரைப் போலவே அறுபத்து நாலாம் வருஷத்து இம்பாலா. எஞ்சின் இல்லை. கண்ணாடி இல்லை. கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பின் சக்கரங்கள் இரண்டும் தரையில் படாமல் தொங்கின.

பானட்டும் இல்லை.

குனிந்து அச்சைப் பார்த்தேன். இரண்டு பக்கமும், ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, வளையம்போலப் பற்றவைத்த தழும்பு. யாரோ பொறுமையாகக் குறுக்கியிருந்தார்கள். நாடாவை வைத்தேன். மயிரிழை பிசகாமல் எனக்கு வேண்டிய அளவு. அழுகையே வந்துவிட்டது.

பானட் இல்லை. அதனால் சிலுவையும் இல்லை. நல்லது என்று நினைத்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு சோதனை பாக்கி. பல் கணக்கு. சிமாயோ மேட்டில் ஏறுவதற்கு ஏற்ற பல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், கண்ணுகளா. இந்த மாதிரி அச்சுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு சக்கரமும் தொங்கும்போது, வலது சக்கரத்தை முன்னால் சுற்றினால் இடது சக்கரம் பின்னால் சுற்றும். எஞ்சினிலிருந்து வரும் நடுத்தண்டு சும்மா கிடக்கும். இடது சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் தண்டு சுற்றும். அப்போது வலது சக்கரத்தை இரண்டு முறை சுற்றி, தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும்.

அதாவது, இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

"எலோய். ரெண்டே நிமிஷம். அந்தப் பக்கம் சக்கரத்தைப் பிடி."

"பேச்சுன்னா பேச்சு அண்ணி. கை வெளிய வராது."

"அச்சைப் பாக்கறதுக்குக் கூடவா?"

"பொம்பள எண்ணின எண்ணை நான் நம்பவும் மாட்டேன், எண்ணறதுக்கு உதவவும் மாட்டேன்."

அவன் பூட்ஸ் சத்தம் சரளைக்கல்லில் தேய்ந்து தேய்ந்து போயிற்று. இரண்டு இருபது.

சாக்கட்டியால் வலது டயரில் ஒரு கோடு போட்டேன். தண்டில் ஒரு கோடு. சாக்கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இடது சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன். நழுவியது. இன்னொரு கல். அதுவும் நழுவியது. திரும்பி வந்து வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கழற்றிய கார்க் கதவு ஒன்று அங்கே சாய்ந்து நின்று மறைத்தது.

இரண்டு முப்பத்தைந்து.

சரக்... சரக்... சரளையில் காலடி. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"ஒருவழியா மனசு இறங்குச்சா?" என்றேன்.

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மேட்டில் ஏறி வந்தவன் மூச்சைப்போல.

"சரி, பேசாட்டி போ. கெட்டியாப் பிடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

வலது சக்கரத்தைத் தள்ளினேன். பாரமாக இருந்தது. தண்டு சுற்றியது. அந்தப் பக்கம் நன்றாகப் பிடித்திருக்கிறான். ஒன்று... இரண்டு... மூன்று... அப்புறம் மூன்றில் ஒரு பங்கு. எனக்கு வேண்டியது அதேதான்.

"இன்னொரு தடவை."

ஒன்று... இரண்டு... மூன்று... மூன்றில் ஒரு பங்கு.

மனசுக்குள் எலோயை மன்னித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கைக்குள் இருந்த சக்கரம் நகர்ந்தது.

நான் தள்ளவில்லை.

பின்பக்கமாக. மெல்ல. அந்தப் பக்கமிருந்து யாரோ சுற்றுகிறார்கள்.

"விளையாடாதே, எலோய்."

மறுபடியும் நகர்ந்தது. இந்தத் தடவை வேகமாக. வெடுக்கென்று.

என் கட்டைவிரல் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நகம் பிய்ந்தது.

"விரலுடா! வலிக்குதுடா, பாவி!"

மூச்சு... மூச்சு...

காற்று ஓங்கி அடித்தது. சாய்ந்திருந்த கதவு தடால் என்று விழுந்தது.

காருக்கு அடியில் அந்தப் பக்கம் முழுவதும் தெரிந்தது.

புல். சரளை. வெயில்.

கால் இல்லை.

யாருடைய காலும் இல்லை.

தூரத்தில், ஓனோஃப்ரேயின் குடிசையிலிருந்து, எலோய் சிரிக்கும் சத்தம் கேட்டது.

என் ரத்தக் கையால் வலது சக்கரத்தை லேசாகத் தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்று தெரியாது.

தண்டு சுற்றியது.

அந்தப் பக்கம்... இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு நாற்பத்தொன்று.

எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. அந்தக் கார் முழுக்க விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. இடது டயரில் மட்டும் மண் இல்லை. தினமும் யாரோ கையால் தடவித் துடைத்ததுபோலப் பளபளத்தது. அதன் பக்கத்தில் சாக்கட்டிக் கோடுகள். மூன்று நீளக் கோடு. ஒரு குட்டைக் கோடு. அவற்றுக்குக் கீழே இன்னொரு முறை மூன்றும் ஒன்றும்.

நானா போட்டேன்? நான் போடவில்லை. என் சாக்கட்டி என் பைக்குள் இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்னும் நாற்பத்து மூன்று மணி நேரம்தான் இருந்தது. பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் இன்னொரு குறுக்கிய அச்சு கிடைக்காது. விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். டிராக்டரைக் கொண்டு வந்து சங்கிலியைப் போட்டேன். வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே கழற்றினேன். கடைசி வரைக்கும் இடது பக்கத்துக்கு நான் முதுகைக் காட்டவில்லை.

ஐந்து பத்துக்கு அச்சை ஏற்றிய லாரியை வாசலில் நிறுத்தினேன். ஓனோஃப்ரே லாரியின் பின்னால் எட்டிப் பார்த்தான். பற்றவைத்த தழும்பைப் பார்த்தான். முகத்திலிருந்த நக்கல் போய்விட்டது.

"எதுலேர்ந்து எடுத்த?"

"ஓடைப் பக்கம், கடைசி வரிசை. பானட் இல்லாதது."

அவன் லாரியை விட்டு இரண்டடி பின்வாங்கினான்.

"எவ்வளவு தரணும்?"

"எடுத்துட்டுப் போ."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"போன்னு சொல்றேன்ல!"

கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு நட்டைக்கூடச் சும்மா கொடுக்காதவன். எலோய் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "அண்ணி முகத்தைப் பாத்தா கிழவனுக்கே பயம் வந்துடுச்சு."

பெரிய வியாழன். கொட்டகையில் தனியாக வேலை செய்தேன். எலோய் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தான். அச்சை மாட்டும்போது ஒருவர் ஒரு முனையைத் தூக்க, மற்றவர் மறு முனையைத் தூக்க வேண்டும். நான் வலது முனையை ஜாக்கியால் ஏற்றினேன். இடது முனைக்குப் போவதற்குள்...

அது ஏறியிருந்தது. போல்ட் ஓட்டைக்கு நேராக. அசையாமல்.

நான் பார்க்காததுபோல நட்டைப் போட்டு முறுக்கினேன்.

பெரிய வெள்ளி. காலை ஆறு இருபது. அந்த வருஷம் ஏப்ரலிலும் உறைபனி விழுந்தது. காரை முந்தின இரவே வெளியே தள்ளி நிறுத்தியிருந்தேன். பானட் முழுக்க வெள்ளையாகப் பனி. நடுவில் மட்டும் பனி ஒட்டவில்லை. நெடுக்காக ஒரு பட்டை. குறுக்காக ஒரு பட்டை.

சட்டைக் கையால் துடைத்தேன். துடைத்துவிட்டு, பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது ஐம்பத்தைந்து. மாமியார் கறுப்பு முக்காட்டோடு பின் இருக்கையில் ஏறினார். மடியில் முளைக்கோதுமைக் களிப் பானை. எஞ்சின் ஒரே திருப்பில் உறுமியது. எலோய் முகம் கறுத்தது. கியரைப் போட்டேன்.

கார் நகரவில்லை.

வலது பின் சக்கரம் பேய்பிடித்ததுபோலச் சுற்றி, சரளையை வாரி இறைத்தது. இறங்கிப் பார்த்தேன். இடது சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. பிரேக் இறுகியிருக்கவில்லை. எதுவும் உரசவில்லை. எல்லாம் சரியாக இருந்தது.

மறுபடி ஏறினேன். மறுபடி சரளை.

"அத்தை, ஒரு நிமிஷம்..."

கட... கட... கட... எங்கள் தெருக்கோடிக் கோவில் பக்கமிருந்து மரக்கட்டை சத்தம். பெரிய வெள்ளியில் மணி அடிக்கமாட்டார்கள். பத்து மணி.

"இறங்கு அண்ணி" என்றான் எலோய்.

அவன் உட்கார்ந்தான். கியரைப் போட்டான். கார் பூப்போல நகர்ந்து போயிற்று. என் மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. எலோய் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"நாளைக்குத் தூக்கி வெச்சு நானே பல்லை எண்ணப் போறேன். என்னத்த மாட்டி வெச்சிருக்கியோ!"

தெருவில் நின்று அழுதேன். ஊரே பார்த்தது.

சனிக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு ஓனோஃப்ரேயின் குடிசைக்குப் போனேன். உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தக் காருக்கு பானட் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதுல சிலுவை?"

தரையைப் பார்த்தான். "இருந்துச்சு."

"யாருக்குக் கொடுத்த?"

"ஏம்மா கேக்கற? உன் புருஷனுக்குத்தான். போன அக்டோபர்ல. விக்கமாட்டேன்னுதான் சொன்னேன். தேய்ச்சாப் போயிடும்னு கெஞ்சினான். அப்புறமாவது கார்மேல வேற எங்கயாச்சும் சிலுவை போட்டிருக்கணும். போடல. மறந்துட்டேன். நீ கடைசி வரிசைக்குப் போவேன்னு நான் கண்டேனா?"

"அதுல செத்தது யாரு?"

"லிப்ராடோ. சின்ன வயசுப் பையன், மலைமேல ஊரு. அவனும் அவங்க அண்ணனும் அந்த அச்சைக் குறுக்கி மாட்டிட்டு, தூக்கி வெச்சுப் பல்லை எண்ணிக்கிட்டிருந்தாங்க. அண்ணன் வலது பக்கம். இவன் இடது. 'நான் சொல்ற வரைக்கும் விடாதே'ன்னு சொல்லியிருக்கான் அண்ணன்காரன். கட்டை சரிஞ்சுது. அண்ணன் தாவி வெளிய வந்துட்டான். ஆனா 'விடு'ன்னு சொல்லல. இவன் விடல."

நான் ஓட்டியபோது மட்டும் சக்கரம் ஏன் நகரவில்லை என்று புரிந்தது. என் காதில் என் குரலே கேட்டது. நான் சொல்ற வரைக்கும் விடாதே.

"கார் மேல விழுந்தப்பவும் விடலம்மா. டயர்லேர்ந்து அந்தக் கையைப் பிரிக்க மூணு பேர் வேண்டியிருந்துச்சு."

நவம்பர் ஒன்பது. ஆறு நாற்பது. கசிமிரோவின் கை.

அந்தச் சனிக்கிழமை காரைத் தூக்கி வைக்கப் போவதாக எலோய் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஓனோஃப்ரேயின் டெலிபோன் என் கைக்கு எட்டும் தூரத்தில் சுவரில் இருந்தது. உங்களிடம் மறைக்கமாட்டேன், கண்ணுகளா. நான் உடனே எடுக்கவில்லை. தெருவில் நின்று அழுததை நினைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முழுசாக ஒரு நிமிடம்.

பதினொன்று பத்தொன்பதுக்கு எண்களைச் சுற்றினேன். எலோயின் கொட்டகையில் மணி அடித்தது. ஏழாவது மணிக்கு எடுத்தான்.

"என்ன அண்ணி, அதுக்குள்ள காரைப் பாக்கணும்போல இருக்கா?"

"எலோய், காருக்கு அடியில போகாத."

"இவ்வளவு நேரம் அடியிலதான் கிடந்தேன். உன் போனுக்குத்தான் எழுந்து வந்தேன்." துணியில் கையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. "மூணு, அப்புறம் மூணுல ஒண்ணு. உன் கணக்கு சரிதான். நீ சும்மா ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவ இல்ல போல."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது உறைக்கவே இல்லை.

"யாரு... யாரு அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டாங்க?"

"நீ அனுப்பின ஆளுதான். நல்லாப் பிடிக்கறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான்."

"நான் யாரையும் அனுப்பல."

அவன் பூட்ஸ் காரின் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

பிறகு... ட்டக்.

மரம் முறியும் சத்தம்.

பிறகு ஒரு பெரிய சத்தம். டெலிபோன் கீழே விழுந்து சுவரில் மோதி மோதி ஆடும் சத்தம்.

பதினொன்று முப்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எலோய் கொட்டகைக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல் இல்லை. கார் தரையோடு படுத்திருந்தது. அவன் உதடு மட்டும் அசைந்தது. "அடியில ஒரு ஆள்... அடியில ஒரு ஆள்..."

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அடியில் யாருமில்லை.

இடது பின் டயரில் கிரீஸ் தடம் இருந்தது. இறுகப் பிடித்த விரல்களின் தடம். நீளமான, இளம் விரல்கள். அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அதன் பக்கத்தில் இன்னொரு கை இருந்ததை நானும் எலோயும் மட்டும்தான் பார்த்தோம்.

வலது கை. ஆள்காட்டி விரல் பாதி.

எலோய் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்தான். அந்தக் காரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் அன்று அந்த ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததை அவனிடம் நானும் சொல்லவில்லை. இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் என் கை சில்லிட்டுப் போகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சூடு ஏறுவதில்லை.

கார் என் கொட்டகையில், இரும்புத் தாங்கிகள்மேல், சக்கரம் தரையில் படாமல் நிற்கிறது. கியர் போடாமல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் காலை பதினொன்று இருபதுக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்து, சத்தமாகச் சொல்கிறேன்.

"லிப்ராடோ, விட்டுடுப்பா. கசிமிரோ, நீயும்தான். நான் சொல்லிட்டேன். விட்டுடுங்க."

சொல்லிவிட்டு வலது சக்கரத்தை மெல்லத் தள்ளுவேன். அவர்கள் விட்டிருந்தால் இடது சக்கரம் பின்னால் சுற்ற வேண்டும்.

போன சனிக்கிழமையும் தள்ளினேன்.

தண்டுதான் சுற்றியது.